ஏழு கோடுகள்

என் தம்பி கட்டிய விடுதியை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. அந்தமானில், போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் போய்ச் சேர வேண்டிய ஒரு சிறு தீவில், ஆறே அறைகளோடு அது கடலைப் பார்த்தபடி இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் போவதாகத்தான் இருந்தேன். கப்பல் பயணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்ற காரணம் ஒவ்வோர் ஆண்டும் கைகொடுத்தது. ஆனால் அந்த விடுதியைப் பற்றி வெளிவந்த ஒவ்வொரு வரியையும் எழுதியவள் நான். சேலையூரில், ஏரிப் பக்கம் திறக்கும் ஜன்னலோரம் போட்ட மேசையில் உட்கார்ந்து எழுதினேன். விருந்தினருக்கான கையேடு, இணையதளத்து வாசகங்கள், அறை கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எல்லாமே என் பொறுப்பு.

அதற்கு முன் முப்பது ஆண்டுகள் பாடநூல் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தேன். அங்கே எழுத்துக்கு ஒரு பிரிவு, படத்துக்கு ஒரு பிரிவு. சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லப்பட்ட விதி, படத்தில் கை வைக்காதே என்பது. வரைபடத்தில் ஒரு நதி தவறான திசையில் ஓடினால் அது எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தவர்களின் தலைவலி. மூலப்பிரதியில் இருப்பது அச்சுப்பிரதியிலும் இருக்கிறதா என்று பார்ப்பதோடு எங்கள் கடமை முடிந்தது. படங்களைத் தாண்டிச் சென்றுவிடுவது நாளடைவில் என் கண்ணின் இயல்பாகவே ஆகிவிட்டது. சாலையோரத்து அறிவிப்புப் பலகையில்கூட எழுத்தைப் படித்துவிட்டு அம்புக்குறியைப் பார்க்காமல் போய்விடுவேன்.

தம்பி கட்டடக் கலைஞன். பள்ளிக்கரணையில் அவனுடைய அலுவலகம். மொட்டை மாடியில் நின்றால் சதுப்பு நிலத்துப் பறவைகள் தெரியும். ஓர் அறையைப் பற்றி யோசிக்கும்போது அதன் நீள அகலத்தை அவன் முதலில் யோசிப்பதில்லை. அதற்குள் படுத்திருப்பவருக்கு என்ன தெரியும் என்பதில்தான் தொடங்குவான். தீவு விடுதியில் தொலைக்காட்சி இல்லை, கடிகாரம் இல்லை. சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு. கட்டில்கள் தாழ்ந்தவை. கடல் பக்கச் சுவர் முழுவதும் மடங்கித் திறக்கும் மரக்கதவு. அந்தப் பக்கம் கைப்பிடிக் கம்பி எதுவும் வைக்கவில்லை. வைத்தால் அடிவானத்தை அது குறுக்கே வெட்டும் என்றான்.

கையேட்டுக்காக அவன் எனக்குச் சொன்னது, தரையும் மணலும் ஒன்றாக இருக்க வேண்டும் அக்கா, நடுவில் கோடே இருக்கக் கூடாது என்பதுதான். அதை நான் செதுக்கி எழுதினேன். "கண் விழிக்கும்போது, அறையின் தரை எங்கே முடிகிறது, கரையின் மணல் எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்குத் தெரியாது. அங்கிருந்து கடல் பதினைந்து தப்படி." பலரும் அந்த வாக்கியத்தைப் பாராட்டி எழுதினார்கள். எனக்கும் அதன் மீது கொஞ்சம் கர்வம் இருந்தது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு தம்பதி இருக்கிறார்கள். அவர் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சார் என்பேன். அவர் மனைவியை அக்கா என்று அழைப்பேன். முடிச்சூரில் பரம்பரை நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள். மழைக்காலத்தில் தண்ணீர் இரண்டு முறை வீட்டுக்குள் இடுப்பளவு வந்த பிறகு, உயரமாக இருந்தால் போதும் என்று எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குக் குடிவந்தார்கள். வந்த இரண்டாம் ஆண்டில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு கொஞ்சம் மெதுவானது, கேலி குறையவில்லை. என்னை எடிட்டரம்மா என்பார். எடிட்டர் வேறு, மெய்ப்புத் திருத்துபவர் வேறு என்று நான் விளக்கியபோது, எல்லாம் ஒரே ஸ்டேஷன், பிளாட்பாரம்தான் வேற என்றார்.

சனிக்கிழமை தவறாமல் திருநீர்மலைக் கோயிலுக்குப் படியேறியவர் அவர். இப்போது சக்கர நாற்காலி. ஒரு முறை லிப்ட் பழுதாகிக் கிடந்த நாளில் மருத்துவமனைக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. காவலாளியும் பக்கத்து வீட்டாருமாக நான்கு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். அவர் வழி நெடுகக் கண்ணை மூடியிருந்தார். அன்றைக்குப் பிறகு யாரும் தன்னைத் தூக்கக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்ததை அக்காதான் என்னிடம் சொன்னார். கடலில் கால் வைக்க வேண்டும். இங்கே கடலுக்குப் பஞ்சமா என்று நான் கேட்கவில்லை. விஷயம் எனக்குத் தெரியும். ஒரு மாலை அவரைப் பெசன்ட் நகருக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நாற்காலி மணலில் புதைந்ததும் சுண்டல் விற்பவர், பந்து விளையாடியவர்கள், வேடிக்கை பார்த்தவர்கள் என்று பத்துப் பேர் உதவிக்கு ஓடி வந்தார்கள். எல்லாரும் நல்லவர்கள். ஒருவர் அவரைக் கைப்பேசியில் படமும் எடுத்தார். வீட்டுக்குப் போலாம் என்பதைத் தவிர சார் அன்று வேறு ஒன்றும் பேசவில்லையாம். யாரும் பார்க்காத கடல் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒரு கடல் என் மேசையில் இருந்தது.

ஒரு பிற்பகலில் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். மேசை மேல், கையேட்டுக்காகத் தம்பி தந்திருந்த விடுதி வரைபடம் விரிந்து கிடந்தது. காபி தம்ளர்களை வைக்க வேறு இடம் இல்லாததால் அதன் மேலேயே வைத்தேன். பிறகு கையேட்டை எடுத்து அந்த வாக்கியத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அறைத் தரையிலிருந்து நேராக மணலுக்கு இறங்கலாம், மணல் மீது பலகைகளைப் போட்டு நாற்காலியைத் தள்ளினால் பதினைந்து தப்படியில் தண்ணீர் என்று நான் சொல்ல, அக்கா அழாமல் இருப்பதற்காகப் பலகாரத் தட்டை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

விடுதியைக் கவனித்துக்கொள்பவள் தீவிலேயே பிறந்த பெண். அவளுடைய தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து போன குடும்பம். அவளுக்குச் செய்தி அனுப்பினேன். நீளமான பலகைகள் உள்ளனவா என்று கேட்டேன். உள்ளன என்றாள். கேட்டது பலகை, கிடைத்த பதிலும் பலகை. வேறு எதுவும் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பயணத்தில் எல்லாமே சரியாக நடந்தது. மீனம்பாக்கத்தில் அவருக்கென்று தனி வண்டி வந்து விமானத்தின் கதவு வரை ஏற்றியது. போர்ட் பிளேரிலும் அப்படியே இறக்கினார்கள். கப்பலில் நாற்காலி உருண்டு ஏற அகலமான இரும்புப் பலகை இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் அக்கா எனக்குப் படம் அனுப்பினார். ஒரு படத்தில் சார் கப்பலின் ஜன்னலோரம் இடது கைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். விடுதியின் பின்வாசல் சாலை மட்டத்தில் இருந்ததால் அறைக்குள்ளும் தடையில்லாமல் போய்விட்டார்கள்.

பிற்பகலில் அக்கா கூப்பிட்டார்.

"வந்து சேந்துட்டோம்மா. ரூம் ரொம்ப அழகா இருக்கு. கடல் கண்ணு முன்னாடியே இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "படி இருக்குதும்மா. ஏழு படி."

எந்தப் பக்கம் என்று கேட்டேன். அந்தக் கேள்வியின் அபத்தம் கேட்கும்போதே தெரிந்தது.

தரை பின்பக்கம் உயர்ந்து கடல் பக்கம் சரிகிறது. அதனால் அறை பின்னால் சாலையோடும் முன்னால் மணலுக்கு மேலே உயர்ந்தும் நிற்கிறது. மரத்தளத்தின் விளிம்பிலிருந்து மணலுக்கு அகலமான ஏழு மரப்படிகள். கைப்பிடி இல்லை. மரத்தளத்தின் பலகைகளை வரைபடத்தில் இணைகோடுகளாகப் போட்டிருந்தான் தம்பி. படிகளும் அதே போன்ற கோடுகள். அவற்றையும் தளத்தின் பலகைகள் என்றே என் கண் எடுத்துக்கொண்டு தாண்டிப் போயிருந்தது. ஒருவேளை அவற்றைப் பார்க்கவே இல்லையோ என்னவோ.

தம்பியை அழைத்தேன். அவன் வேறு ஓர் ஊரில், வேறு ஒரு கட்டடத்தின் முன் நின்றுகொண்டிருந்தான். "படி இல்லாம எப்படிக்கா? பிளான்லயே இருக்குதே. நீ பாக்கலியா?" என்றான். குற்றம் சொல்லும் குரலில்லை அது, உண்மையான வியப்பு. தரையும் மணலும் ஒன்று என்றாயே என்றேன். கட்டிலில் படுத்துப் பார்த்தால் தளத்தின் விளிம்பு படிகளை மறைத்துவிடும், அந்தக் கோணத்துக்காகத்தான் கட்டிலின் உயரத்தையே தீர்மானித்தேன் என்று அவன் பொறுமையாக விளக்கினான். அவனும் பொய் சொல்லவில்லை.

கவனித்துக்கொள்ளும் பெண்ணிடமும் பேசினேன். தாழ்ந்த கட்டிலை உயர்த்த அடியில் வைப்பதற்குத்தான் பலகைகள் என்று நினைத்தாளாம். "நீங்க எழுதுன புக்குதானக்கா, உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு இருந்துட்டேன்" என்றாள்.

மறுநாள் அவள் பலகைகளைப் படிகள் மேல் சாய்த்துப் பார்த்திருக்கிறாள். சார் நாற்காலியை விளிம்பு வரை கொண்டுவரச் சொல்லி, எட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சரிவில் கூட்ஸ் வண்டியே நிற்காது என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் பெரிய மரங்களின் வேர்கள். அதைத் தாண்டினால் காய்ந்த மணலில் சக்கரம் அச்சு வரை இறங்கியது. பணியாட்கள் நான்கு பேர் வந்து, இதோ ஒரு நிமிடத்தில் இறக்கிவிடுகிறோம் என்று நின்றார்கள். அக்கா தொலைபேசியைக் கையில் பிடித்தபடி இருந்ததால் சாரின் பதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"நாலு பேரு தூக்குற அன்னிக்கு நானு பாக்கவா போறேன். அதுவரிக்கும் யாரும் தூக்க வேணாம், போய் சாப்புடுங்கப்பா."

சிரிப்புச் சத்தம் கேட்டது. அக்கா சிரிக்கவில்லை. சத்தியம் செய்து கொடுத்தவர் அவர்தான்.

அவர்கள் அங்கே இருந்த நான்கு நாட்களும் நான் சேலையூரில் என்ன செய்தேன் என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பக்கத்துத் தீவில் மட்டமான கரையுள்ள வேறு விடுதிகளைத் தேடி ஒவ்வொன்றாக அழைத்தேன். இடமில்லை என்றார்கள், ஓரிடத்தில் இடமிருந்தது, அங்கும் படி இருந்தது. இந்த முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். தச்சர் ஒருவரை வரவழைக்க முடியுமா என்று விசாரித்தேன். மரம் அடுத்த சரக்குக் கப்பலில்தான் வரும், அது வருவதற்குள் இவர்கள் கிளம்பிவிடுவார்கள். பிறகு செய்ய எதுவும் இல்லாமல் போயிற்று. கையேட்டைத் திறந்து அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. முப்பது ஆண்டுகளாக என் கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிய பக்கங்களும் அப்படிப்பட்டவைதாம். அந்தப் பக்கங்களில் எத்தனை நதிகள் தவறான திசையில் ஓடினவோ என்று முதல் முறையாக நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் சாரே அழைத்தார்.

"எடிட்டரம்மா, படுத்துகினு பாத்தேன். நீங்க எழுதுனது கரெக்டு. தரை எங்க முடியுது, மணலு எங்க ஆரம்பிக்குது, ஒன்னும் தெரியல. எழுந்து குந்துனாதான் பிரச்சனை."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கடலின் நிறத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார். காலையில் பச்சை, வெயில் ஏற ஏற நீலம், நடுவில் எங்கோ ஒரு கோடு மட்டும் கத்தரிப்பூ நிறம். இங்கே கூட்டமே இல்லை, ஒரு நாயும் இரண்டு நண்டும்தான் என்றார். அவர் கேட்டது அதுதான்: யாரும் பார்க்காத கடல். அது அவருக்குக் கிடைத்திருந்தது, ஏழு படி கீழே.

அன்று பிற்பகல் கடல் ஏறிய நேரத்தில், அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கினார். குளியலறை வாளியில் கடல் தண்ணீரை மொண்டுகொண்டு மேலே ஏறினார். பாதி படிகளிலேயே சிந்திவிட்டது. மறுபடியும் இறங்கினார். அவருக்கே முழங்கால் வலி உண்டு. வாளியை அந்தப் பெண்ணிடம் கொடுக்கவில்லை. துணி துவைக்கும் அகலமான டப்பில் ஊற்றி, மரத்தளத்தின் விளிம்பில் நாற்காலியின் முன்னால் வைத்தார்கள். சார் இடது காலைத் தானே உள்ளே வைத்தார். வலது காலைக் கையால் தூக்கி வைத்தார். தண்ணீரோடு கொஞ்சம் மணலும் வந்திருந்தது. உள்ளங்காலில் மணல் உறுத்துகிறது என்று இடது காலைச் சொன்னார். வலது காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா என்னைக் கூப்பிட்டு இதையெல்லாம் அடுக்களையில் நடந்ததைச் சொல்வது போன்ற குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பின்னால் அவர் பேசுவது கேட்டது.

"முடிச்சூர்ல தண்ணி வேணாம் வேணாம்னாலும் வூட்டுக்குள்ள வந்துச்சு. இங்க இவ்ளோ தூரம் வந்து கூப்பிடுறோம், வர மாட்டேங்குது பாரு."

திரும்பி வந்த அன்று லிப்ட் வேலை செய்தது. கதவைத் திறந்து நின்ற என் கையில் அக்கா ஒரு பொட்டலத்தை வைத்தார். அந்தத் தீவில் காய்த்த ஜாதிக்காய். பயணம் நன்றாக இருந்தது என்றார். அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். அதனால் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

சில வாரங்கள் கழித்து சார் என் வீட்டுக்கு வந்தார். அதே மேசை. இந்த முறை தம்ளர்களைத் தட்டில் வைத்திருந்தேன். வரைபடம் அவர் முன்னால் இருந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு பார்வை பார்த்தார். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இடது கை ஆள்காட்டி விரல் நேராகப் போய் அந்தக் கோடுகளில் நின்றது.

"இதான் படி. எண்ணிக்கோங்க, ஏழு. இதோ அம்பு போட்டு ஏறுற பக்கம்கூட காட்டிகிறாரு உங்க தம்பி."

அந்த அம்பை நான் கடற்காற்றின் திசை என்று நினைத்திருந்தேன். காற்றுக்கென்று பக்கத்தில் தனியாக ஓர் அம்பு இருந்தது.

வேலை பார்த்த காலம் முழுவதும் வரைபடம் படித்த மனிதர் அவர். அன்று இதே தாள், இதே இடத்தில், அவருடைய தம்ளருக்கு அடியில் இருந்தது. தம்ளரை எடுத்து வேறெங்காவது வைத்திருந்தால் போதும். அவரே பார்த்திருப்பார், பயணம் நின்றிருக்கும், அல்லது கிளம்புமுன் தச்சருக்குச் சொல்லியிருக்கலாம். நான் இதை நினைப்பதை அவர் கண்டுகொண்டார் போலிருக்கிறது. தம்ளரின் வட்டக் கறை காகிதத்தில் இன்னும் இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தார். பென்சில் கேட்டார்.

இடது கையால் வரைந்ததால் கோடு நடுங்கியது. ஒரு படிக்கு ஆறு அங்குலம் என்று ஏழு படியின் உயரத்தைக் கணக்கிட்டார். ஓர் அங்குல இறக்கத்துக்கு ஓர் அடி நீளமாவது வேண்டும், அப்போதுதான் நாற்காலி கட்டுக்குள் இருக்கும் என்றார். மரத்தளத்தின் விளிம்பிலிருந்து கோடு மணலைத் தாண்டி நீண்டுகொண்டே போனது.

"நாப்பத்திரண்டு அடி வருது எடிட்டரம்மா. மணல்ல எறங்குற வேலையே இல்ல, நேரா தண்ணிகிட்ட போயிடும்."

"போயிட்டு எப்படி மேல வருவீங்களாம்?" என்றார் அக்கா.

"வரணும்னு யாரு சொன்னா?"

அக்கா அவர் தோளில் ஓர் அடி வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

அந்தத் தாளைப் படமெடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் அன்றே பதில் எழுதினான். அழகான தீர்வு, அந்தப் பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல் என்று எழுதியிருந்தான். ஆனால் கடல் பக்கம் அவ்வளவு தூரம் எதையும் கட்ட அனுமதி கிடைக்காது. கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன், விருந்தினர் வரும் இந்தப் பருவம் முடியட்டும் என்றான். கையேட்டின் வாக்கியத்தை மாற்ற வேண்டாம் என்றும், அது அந்த அறையின் உயிர் என்றும் கடைசியில் ஒரு வரி இருந்தது. அவனோடு வாதாடினேன். வாக்கியம் அப்படியே இருக்கிறது.

கடிதங்களுக்குப் பதில் எழுதுவது மட்டும் இன்னும் என் கையில் இருக்கிறது. அறை கேட்டு யார் எழுதினாலும், வணக்கத்துக்கு அடுத்த வரியில், அறையிலிருந்து மணலுக்கு ஏழு படிகள் உள்ளன, கைப்பிடி இல்லை என்று எழுதுகிறேன். சிலர் அதற்குப் பிறகு பதில் எழுதுவதில்லை. அவர்கள் யாராக இருப்பார்கள், அவர்கள் வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

மாலையில் எங்கள் இரு கதவுகளும் காற்றுக்காகத் திறந்திருக்கும். சார் தன் வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு லிப்டில் வந்து போகிறவர்களைப் பார்த்தபடி இருப்பார். நான் மேசையிலிருந்து நிமிர்ந்தால் அவர் தெரிவார்.

"தம்பிகிட்டேர்ந்து பதில் வந்துச்சா?" என்பார்.

"இன்னும் இல்ல சார்."

"சரி, பருவம் முடியட்டும்" என்பார்.